கலைக்கொடையும் ஏற்பார் உள்ளமும்

லேடாங் மலையின் அடிவாரத்தே அமைந்த தங்காக், துணிக்கடைகளால் பெயர் பெற்ற ஊர். நெடுங்காலம் மூவார் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, பின்னர்த் தன் பெயரிலேயே ஒரு மாவட்டம் விளங்கக் காண்பது. நகரை விட்டு வெளியேறினால் சாகில், புக்கிட் கம்பீர் எனச் சிற்றூர்களும் தோட்டங்களும் தொடரும். இத்தகைய ஊர்களில் வாழும் தமிழர்க்குப் பெரிய ஓவியக் கூடங்கள் தொலைவில் உள்ளவை. கலை அவர்களை வந்தடையும் வழி பெரும்பாலும் கொடையே. பள்ளி மண்டபத்துத் திருவள்ளுவர் படம், கோயில் முகப்பின் சுதைச் சிற்பம், முதியோர் இல்லத்துக் கூடத்தில் தொங்கும் இயற்கைக் காட்சி, மருத்துவமனை நடைவழியில் மாட்டிய வண்ணப்படம் போன்றவை எவரேனும் ஒருவர் விரும்பி அளிப்பதால் வருபவை. அவற்றின் மதிப்பு யாது என்னும் வினா எளிதாகத் தோன்றும். விடைதான் எளிதன்று.

விலையைக் கொண்டு அளப்பது ஒரு முறை. அம்முறை வணிகர்க்கு உதவும்; பொதுமன்றத்திற்கு உதவாது. 1958ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரகுமான் கோலாலம்பூரில் திறந்து வைத்த தேசிய ஓவியக் கூடம், அன்பளிப்பாக வந்த நான்கே படைப்புகளுடன் தொடங்கியது. அந்நான்கின் அன்றைய விலையைக் கூட்டிப் பார்த்தால் அக்கூடத்தின் மதிப்பு விளங்கிவிடுமா?

திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னரே ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை இல்லாதவரைத் தேடிச் செல்வது. ஒப்புரவு ஊர் முழுமைக்கும் பயன்பட நிற்பது. அதற்கு அவர் காட்டும் உவமைகளைத் தமிழ் பயிலும் மாணாக்கர் நன்கு அறிவர். ஊரார் உண்ணும் நீர்நிலை ஒன்று. ஊர் நடுவே கனிந்து நிற்கும் மரம் ஒன்று. தன் உறுப்பெல்லாம் மருந்தாகும் மரம் மற்றொன்று. பொதுவிடத்துக் கலைப்பொருள் இவ்வினத்தைச் சேர்ந்தது. ஒருவர் உண்ட சோறு மற்றவர்க்கு இல்லை. ஓர் ஓவியத்தை நூறு பேர் கண்ட பின்னும் நூற்றோராமவர்க்கு அது முழுமையாகவே இருக்கிறது. ஆனால் ஊருணிக்குக் கரை வேண்டும். ஆண்டுதோறும் தூர் வாருதல் வேண்டும். இதனைக் கொடையாளர் பலர் எண்ணுவதில்லை.

‘பசித்தவனுக்குப் படம் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு. முதியோர் இல்லத்தில் அரிசி தீர்ந்த நாளில் ஓர் ஓவியம் வந்து இறங்கினால், சமையற்கூடத்தில் இருப்பவர் முகம் மலராது. ஆயினும் இவ்வினா, சோற்றையும் கலையையும் ஒன்றற்கொன்று பகையாக நிறுத்துகிறது. தமிழர் வரலாற்றில் ஒரு பெருமாட்டியின் செயல் அப்பகையை ஒப்புக்கொள்ளவில்லை.

1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலுக்கு இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார் செப்புத் திருமேனிகள் வழங்கினார். பொன்மாளிகைத் துஞ்சிய தேவர் எனப்பட்ட தம் தந்தை சுந்தர சோழரின் உருவையும் செய்வித்து வைத்தார். அதே பெருமாட்டி, அத்தந்தையின் பெயர் விளங்கத் தஞ்சையில் ஆதுலசாலை ஒன்றையும் புரந்தார். ஆதுலசாலை என்பது நோயாளர்க்கு மருந்து தரும் இடம். செப்புத் திருமேனிக்குச் செலவிட்ட பொன்னை மருந்துக்குச் செலவிட்டிருக்கலாமே என்று அவரை எவரும் கேட்டிருக்க முடியாது. இரண்டையும் அவரே செய்தார்.

அக்கோயிற் கல்வெட்டுகளில் வியப்பளிப்பது கொடையின் அளவன்று, கொடையின் ஒழுங்கு. ஒவ்வொரு திருமேனியின் உயரமும் முழம், விரல், தோரை என நுண்ணிய அளவில் பொறிக்கப்பட்டது. கொடுத்தவர் பெயர் பொறிக்கப்பட்டது. இவற்றோடு நின்றிருந்தால் அது வெறும் பெருமைப் பட்டியலாக முடிந்திருக்கும். அத்திருமேனிகளின் வழிபாட்டிற்கும் விளக்கிற்கும் விழாவிற்கும் வேண்டிய முதற்பொருளும் உடன் அளிக்கப்பட்டது. அக்காசினை ஊர்ச் சபையார் கடனாகப் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்த ஒப்பினர். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது அதன் பொருள். ஒரு சிலையைக் கொடுத்தவர், அச்சிலை நாளையும் மறுநாளும் எவ்வாறு வாழும் என்பதையும் கணக்கிட்டே கொடுத்தார். அத்திருமேனிகளுள் மிகப் பல இன்று அங்கு இல்லை. அளவுகள் மட்டும் கல்லில் உள்ளன. காலமும் கொள்ளையும் செய்தவற்றிற்குக் கொடுத்தவர் பொறுப்பாகார்.

இன்றைய கொடையோடு இதனை ஒப்பிடுவது சற்றே கசப்பானது. சொகூர் மாநிலத்தின் ஈரக்காற்றில் காகிதப் படம் சில ஆண்டுகளில் பூசணம் பூக்கும். கண்ணாடிக்குள் நீர் கோக்கும். மரச்சட்டத்தைக் கரையான் அரிக்கும். படம் கையளிக்கப்படும் நாளில் மாலையும் புகைப்படமும் உண்டு. சட்டம் மாற்றுவதற்கு ஒரு வெள்ளியும் ஒதுக்கப்படுவதில்லை. பின்னர், மங்கிய படத்தைக் கழற்றவும் அஞ்சி, வைத்திருக்கவும் நாணி, பள்ளியோ இல்லமோ இடர்ப்படும். அன்பளிப்பு அந்நிலையில் ஒரு சுமை.

கொடுத்தவர் பெயரைப் பற்றியும் ஒரு சொல். விளக்கின் கண்ணாடி மீதே உபயகாரர் பெயரை எழுதி ஒளியை மறைத்த கதை தமிழர்க்குப் பழையது. படங்களிலும் அதுவே நிகழ்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த திருவள்ளுவர் உருவை வரைந்தவர் கே. ஆர். வேணுகோபால் சர்மா. 1960இல் இந்திய அஞ்சல்தலையிலும் அவ்வுருவம் இடம்பெற்றது. படத்தின் கீழ் அதனை வாங்கித் தந்தவர் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். வரைந்தவர் பெயரைக் கேட்டால் மாணவர் விழிப்பர். தஞ்சையிலோ கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் கல்லேறியது.

அறநிலையத்திற்குக் கலைஞர்களே கொடையளித்த புகழ்பெற்ற வரலாறு இலண்டனில் உண்டு. கைவிடப்படும் குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் 1739இல் அரச ஆணை பெற்று ஓர் இல்லம் நிறுவினார். வில்லியம் ஹோகார்த் அவருடைய உருவத்தை வரைந்து 1740இல் அவ்வில்லத்திற்கே அளித்தார். வேறு ஓவியர்களும் தொடர்ந்தனர். படங்களைக் காணச் செல்வர் திரண்டனர், வந்தவர் பொருளுதவினர். பிரிட்டனின் முதற் பொது ஓவியக் கூடம் என அதனைப் போற்றுவர். கலை சோறாக மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. அப்படங்கள் அணி செய்தது ஆட்சிக் குழுவினர் கூடும் அறையை. அவை குழந்தைகளின் வயிற்றுக்கு உதவின. குழந்தைகளின் கண்களுக்கென மாட்டப்பட்டவை அல்ல.

அவ்வில்லத்தில் இன்னொரு சேர்க்கையும் உண்டு. குழந்தையை ஏற்கும்போது அதன் உடையிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்துப் பதிவேட்டில் குத்தி வைப்பர். தாய் என்றேனும் திரும்பி வந்தால் அடையாளம் காண்பதற்கு. பூ அச்சிட்டவை, கோடிட்டவை, நாடாத் துணுக்குகள் என ஏறத்தாழ 5,000 துண்டுகள் இன்றும் உள்ளன. கலை என்று கருதி எவரும் அவற்றைக் கொடுத்தாரில்லை. விலை என்று சொல்லவும் அவற்றிற்கு ஒன்றுமில்லை. எனினும் ஹோகார்த்தின் ஓவியத்தின் முன் வியந்து நிற்பவர், இத்துண்டுகளின் முன் பேச்சிழந்து நிற்கின்றனர். துணி விற்கும் தங்காக்கில் அன்றாடம் தரையில் விழும் வெட்டுத்துண்டுகளைக் காண்பவர்க்கு இதன் பொருள் விரைவில் விளங்கும்.

பெறுபவரே கொடுப்பவராவதும் உண்டு. போருக்குப் பின் உதவி பெற்ற செக்கோஸ்லோவாக்கியச் சிற்றூர் ஒன்றில் ஜிட்கா சாம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி, காகிதம் கிடைக்காமையால் கண்ணாடித் துண்டில் ஓர் ஓவியம் தீட்டி நன்றியாக அனுப்பினாள். 1949இல் அதுவே யுனிசெஃப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. அவ்வட்டைகளின் விற்பனையால் வந்த பொருள் வேறு குழந்தைகளைச் சென்றடைந்தது.

நோயாளியின் கண்முன் எது இருத்தல் வேண்டும் என்பதை ஆராய்ந்தோரும் உளர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரை மட்டும் கண்ட 23 பேரினும் விரைவில் வீடு திரும்பினர்; கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்க்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அது மரம், ஓவியம் அன்று. மரம் தந்ததை மரத்தின் படமும் தரும் என்று அவ்வாய்வைக் கொண்டு துணிதல் மிகை. படுத்திருப்பவர்க்கு எதிரேயுள்ள சுவர் வெறுஞ்சுவர் அன்று என்பதற்கு மட்டும் அது போதிய சான்று.

இங்கேதான் கடினமான வினா எழுகிறது. அச்சுவரில் எது தொங்கவேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார்? தம் வீட்டு வரவேற்பறைக்கு ஒவ்வாது என்று கழற்றிய படத்தை முதியோர் இல்லத்திற்கு அனுப்புவோர் உண்டு. அதனை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கப் போகும் மூதாட்டியை எவரும் கேட்பதில்லை. உதவியை எதிர்நோக்கி வாழ்பவர்க்கு ‘இது வேண்டா’ என்று சொல்லும் துணிவு எளிதில் வராது. அத்துணிவு இல்லாமையைக் கொடுப்பவர் இசைவு என்று எண்ணிக்கொள்கிறார். மறுக்க இயலாதவர் ஏற்பதை ஏற்பு என்று கூறுவது எங்ஙனம்?

மறுக்க இயன்றவர் மறுத்த ஒரு நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். பெங்களூரின் அல்சூர் ஏரிக் கரையில் தமிழ்ச் சங்கத்தார் நிறுவிய திருவள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்பட இருந்தது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் திறப்பு நின்றது. உலகம் முழுமைக்கும் உரியவர் எனத் தமிழர் போற்றும் புலவர், 18 ஆண்டுகள் மூடிய திரைக்குள் நின்றார். தமிழுள்ளம் இதனை நினைந்து வெகுளுதல் இயல்பே. ஆயினும் வெகுளி தணிந்தபின் மறுபக்கத்தையும் பார்த்தல் தகும். சிலையில் குற்றமில்லை, புலவரிலும் குற்றமில்லை. தம் நகரின் நடுவே நிற்கப்போகும் ஓர் உருவத்தைத் தம்மைக் கேளாமல் வைத்தனர் என அவ்வூரார் சிலர் கருதினர். நூலின் பெருமையை எத்துணை எடுத்துரைத்தும் அக்கருத்தை மாற்ற முடியவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது மற்றொரு கொடையால். அரசியல் கணக்குகளும் அதில் கலந்திருந்தன, அதனை மறுப்பதற்கில்லை. ஈரடிப் பாடல் தந்தவர்க்கு இங்கே இடம் கிடைத்தால், மூவடிப் பாடல் தந்த கன்னடப் புலவர் சர்வக்ஞருக்குச் சென்னையில் இடம் தருவது என இரு மாநிலத்தாரும் ஒப்பினர். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் முதலமைச்சர் எடியூரப்பா உடனிருக்க, முதலமைச்சர் கருணாநிதி அல்சூரில் வள்ளுவர் சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையின் திரை விலகியது.