நாவல் மரத்துக்கு மேலே இருந்த பையன்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இந்த வாரம் சனி, ஞாயிறுல ஃபிரண்ட்ஸோட ஊர் சுத்துறதைப் பத்தி எழுதப் போறேன். இதுக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம்னு தோணுதா? கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

நாங்க ஆறு பேர், காலேஜ்ல இருந்தே ஒண்ணா சுத்துற கூட்டம். ராயப்பேட்டைதான் எங்க எல்லை. சத்யம் தியேட்டர்ல படம் (1974-ல திறந்த தியேட்டர், எங்க அப்பாவே அங்க படம் பார்த்தவர்), அப்புறம் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால், கடைசியா மணிக்கூண்டு பக்கம் ஒரு டீ. 2021-ல தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை அறிவிச்சப்போ முருகனுக்கு நன்றி சொன்னோம். அடுத்த நிமிஷமே படத்துக்கு டிக்கெட் தேடினோம். மறைக்க என்ன இருக்கு, அவருக்குத் தெரியாததா?

இதைப் பாவம்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம சாமி தனியா இருந்தவர் இல்ல. காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றின கந்தபுராணத்தை எடுத்துப் பாருங்க. வீரபாகுவோட சேர்த்து ஒன்பது பேர், நவவீரர்கள், முருகனை விட்டுப் பிரியாத கூட்டாளிகள். சூரபத்மன்கிட்ட தூது போனதும் வீரபாகுதான். போர்க்களத்துக்கே தோழர்களைக் கூட்டிட்டுப் போனவர், நாம சினிமாவுக்குச் சேர்ந்து போறதுக்கா கோவிச்சுக்குவார்? அவர் நம்மைக் கேக்கப் போற கேள்வி வேற. அதை எனக்குக் கேட்ட விதத்தைச் சொல்றேன்.

எங்க ஆறு பேர்ல ஒருத்தன், பேர் வேண்டாம், ஒரு கட்டத்துல மால்ல எதுவும் சாப்பிடறதை நிறுத்திட்டான். "வீட்லயே சாப்பிட்டேன் மச்சி, பசிக்கல"ம்பான். நானும் ஃபோனைப் பார்த்துக்கிட்டே "சரிடா"ம்பேன். பில் வந்ததும் மொத்தத்தை ஆறால வகுத்து குரூப்ல போடறது என் வேலை. கணக்குல நான் கில்லாடி. சாப்பிடாதவனுக்கும் ஒரு பங்கு போட்டேன்கிறது எனக்கு உறைக்கவே இல்ல. அவனும் ஒவ்வொரு தடவையும் அனுப்பிட்டான். ஒரு நாள் காலையில பார்த்தா குரூப்ல அவன் இல்ல. "தலைவருக்குப் புது ஆளு கிடைச்சிருக்கும்டா"ன்னு நாங்க அஞ்சு பேரும் சிரிச்சோம்.

நாலு மாசம் போச்சு. ஒரு கிருத்திகை அன்னைக்கு மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில்ல, சிங்காரவேலர் சன்னதி முன்னாடி அவனைப் பார்த்தேன். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடின தலம் அது. கண்ணை மூடி நின்னுட்டு இருந்தான். ஆள் பாதியா இளைச்சிருந்தான். வெளியே குளத்தங்கரையில வந்து பேசினோம். வேலை போய் எட்டு மாசமாம். "ஏன்டா சொல்லல?"ன்னு கேட்டேன், கொஞ்சம் கோவமாவே.

"நீங்க யாரும் கேக்கலையேடா"ன்னான்.

அதுக்கு மேல அவன் ஒண்ணும் சொல்லல. ஆறால வகுத்த கணக்கெல்லாம் அப்போதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. எட்டு மாசத்துல பாதி மாசம் அவன் எங்ககூடதான் உக்காந்திருந்தான்.

அன்னைக்கு வண்டியில திரும்பும்போது ராயப்பேட்டை ஹை ரோட்டுல சிக்னல் விழுந்துச்சு. பக்கத்துல தெருப் பலகை: அவ்வை சண்முகம் சாலை. பழைய லாயிட்ஸ் ரோடுதான் அது. நாடகத்துல அவ்வையார் கிழவியா நடிச்சே "அவ்வை"ங்கிற பட்டத்தைச் சம்பாதிச்ச டி.கே.சண்முகம் ஐயா பேரை வெச்சது. 1996-ல வந்த கமல் படத்தால நமக்கெல்லாம் அந்தப் பேர் காமெடியாதான் தெரியும். ஆனா பலகையில அவ்வையும் சண்முகனும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. நூறு தடவை அந்த வழியா போயிருப்பேன், அன்னைக்குத்தான் படிச்சேன்.

அவ்வைப்பாட்டி நடந்து களைச்சு மரத்தடிக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். மேலே மாடு மேய்க்கிற பையன். "சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா?" பாட்டி மண்ணை ஊதும்போது "என்ன பாட்டி, பழம் ரொம்ப சுடுதா?" எல்லாரும் இதுல பாட்டியோட கர்வம் அடங்கினதைத்தான் சொல்வாங்க. சின்ன வயசுல இருந்து நானும் அப்படியே கேட்டு வளர்ந்தவன்.

எனக்கு அந்த சிக்னல்ல வேற ஒண்ணு தோணுச்சு. பாட்டிக்குப் பசின்னு மரத்து மேல இருந்த பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ்வளவு உசரத்துல உக்காந்துக்கிட்டு கீழே இருக்கறவங்க முகத்தைப் பார்த்திருக்கான். வேடிக்கை பண்ணினான், கேலியும் பண்ணினான், ஆனா பழத்தை உலுக்கிட்டுத்தான் பண்ணினான். எனக்கு நேர் எதிர்ல, ஒரே மேஜையில, கையெட்டுற தூரத்துல உக்காந்திருந்தவன் முகம் எனக்குத் தெரியல.

மறுநாள் மத்த நாலு பேர்கிட்டயும் பேசினேன். அதுல ரெண்டு பேர் அவனுக்குப் பணம் திரட்டலாம்னாங்க. நான் வேண்டாம்னேன். அவன் பணத்துக்கு முன்னாடி கூட்டத்தை இழந்தவன். நேரா வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மா காபி போட்டுக் குடுத்தாங்க. மன்னிப்பு கேக்கிறது ரொம்ப அசிங்கமா, தட்டுத்தடுமாறித்தான் நடந்துச்சு. அவன் உடனே சிரிச்சிடல. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் குரூப்புக்குத் திரும்பி வந்தான்.

இப்போ மாசத்துல ரெண்டு ஞாயிறு மணிக்கூண்டுல சந்திச்சு ஹை ரோடு வழியா பொடிநடையா மயிலாப்பூர் போறோம். சில நாள் பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயில், அப்படியே கடற்கரை. படமும் உண்டு, அதை விடல! ஆனா வகுக்கிற வேலையை என்கிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க.

போன ஆடி மாசம் அப்படி நடந்தப்போ நடைபாதையில ஒரு அம்மா நாவல் பழம் வித்துட்டு இருந்தாங்க. அவன் நின்னான். பாக்கெட்ல இருந்து நோட்டை எடுத்து ஆறு பேருக்கும் சேர்த்து வாங்கினான். உப்பு தூவிக் குடுத்தாங்க. "டேய், நான் குடுக்கிறேன்டா"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கிட்டு கையை நீட்டினேன்.

"சுடுதா மச்சி?"ன்னான்.

முருகா சரணம்.