தூங்குகிறவனின் கடல்

ஜோசுவா ஸ்லோக்கம் 1897 ஜூன் 24 அன்று ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையில் இருக்கும் தர்ஸ்டே தீவிலிருந்து பாய் விரித்தார். ஜூலை 17 அன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள கீலிங் கோகோஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். 2,700 மைல், 23 நாள், படகில் அவரைத் தவிர யாரும் இல்லை. தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறோம். இந்த 23 நாளில் மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் சுக்கானைப் பிடிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் போதும், 37 அடிகூட இல்லாத அந்த ‘ஸ்ப்ரே’ காற்றைப் பிடித்துக்கொண்டு தானே நேராகப் போகும். அவர் சமைத்தார், படித்தார், தூங்கினார்.

முதல்முறை வாசித்தபோது பொறாமையாக இருந்தது. பிறகுதான் ஒரு கேள்வி வந்தது: அவர் தூங்கும்போது அந்தப் படகை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இன்றைய சர்வதேசக் கடல் விதிகள் 1972இல் எழுதப்பட்டவை. எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது அவற்றின் 5ஆம் விதி. எந்நேரமும்! தனியாளாக ஒரு நாளைக்கு மேல் போகிற எவராலும் இதைக் கடைப்பிடிக்க முடியாது. இருந்தாலும் தனிப் பயணம் நடக்கிறது. பரிசு கொடுத்து, கைதட்டி வரவேற்கிறோம்.

நண்பனிடம் கேட்டேன். “அவன் உசுரு, அவன் படகு. நமக்கென்னடா?” என்றான். சரக்குக் கப்பலோடு மோதினால் அது சரிதான். கப்பலுக்குக் கீறல்கூட விழாது, செத்துப்போவது இவன்தான். ஆனால் எதிரே வருவது விளக்கு மங்கிய சின்ன மீன்பிடிப் படகு என்றால்? அப்போது பல டன் எடையோடு இருட்டில் வரும் கப்பல் இவன்தான். சாகசம் செய்யவா அந்த மீனவர் வந்தார்? வீட்டில் அடுப்பெரிய வந்தவர். இன்னொருவனின் கனவுக்கு அவர் எப்போது சம்மதம் சொன்னார்?

தனிமாலுமிகள் பலர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து பார்ப்பார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. 20 நாட் வேகத்தில் வரும் கப்பலும் 5 நாட் வேகத்தில் போகும் படகும் நேருக்கு நேர் வந்தால், எட்டுக் கடல் மைல் இடைவெளி பத்தொன்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். இப்போது ஏ.ஐ.எஸ். என்ற கருவியும் இருக்கிறது. பெரிய கப்பல்கள் தங்கள் இடத்தை அதில் அறிவித்துக்கொண்டே இருக்கும். நெருங்கி வந்தால் அலாரம் அடிக்கும். ஆன்-கால் டியூட்டி பார்த்த எவருக்கும் இதில் உள்ள ஓட்டை தெரியும். அலர்ட் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சிக்னல் அனுப்பாத எதுவும் திரையில் வராது. அந்த மீனவரின் படகில் பெரும்பாலும் அந்தக் கருவி இருக்காது. யாரை நாம் கொல்லக்கூடுமோ, அவரைத்தான் நம் கருவிக்குத் தெரியாது.

நெடுஞ்சாலையில் லாரி டிரைவர் இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் அதைக் குற்றம் என்கிறோம். கடலில் மட்டும் ஏன் வீரம்? நடுக்கடல் காலியாக இருக்கிறது, அதனால்தான். ஆக, நாம் பாராட்டுவது அவன் துணிச்சலை மட்டுமல்ல. அங்கே வேறு யாரும் இல்லை என்ற நிகழ்தகவையும்தான்.

அதற்காகத் தனியாகப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப் பார்த்தால் யாருமே வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. ஆனால் கடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காலியாக இல்லை. தீவு நெருங்க நெருங்கச் சின்னப் படகுகள் கூடும்; தூங்கும் உரிமை குறையும். அலுப்பு உச்சத்தில் இருக்கும் கடைசி இரவில்தான் கண் விழித்திருக்க வேண்டும். தன் சுதந்திரத்துக்கான விலையைத் தன் தூக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும், அடுத்தவன் உயிரிலிருந்து அல்ல.

ஸ்லோக்கமின் அந்த மூன்று மணி நேரத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். எதிர்காற்றில் படகைத் திருப்பித் திருப்பிக் கீலிங் துறைமுகத்துக்குள் கொண்டுபோன நேரமும் அதில் அடக்கம். யாருமில்லாத கடலில் கயிறு பிடித்திருந்த சுக்கானை, மனிதர்கள் இருக்கும் இடத்தில் அவர் கை பிடித்திருக்கிறது.

எனக்கு அது போதும்.