கொடுத்த தாய், எடுத்த தாய், நடித்த தாய்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தை எழுதி முடிக்க மூன்று சனிக்கிழமைகள் சென்றன. கடிதம் எங்களுடையதல்ல. ஒல்லாந்தில் வளர்ந்து, வேலை நிமித்தம் இரண்டு வருடங்களாகக் குபெர்டினோவில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. வயது நாற்பதைத் தொடுகிறது. எங்களுடைய நிறம், எங்களுடைய முகம்; வாயைத் திறந்தால் டச்சும் ஆங்கிலமும். எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஆறு கிழமைக் குழந்தையாக எடுத்துச் செல்லப்பட்டவர். அவர் கையில் ஒரு நீதிமன்றப் பத்திரத்தின் பிரதி இருக்கிறது. அதில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம். அந்தப் பெயருக்குரிய பெண்ணை மலையகத்தில் ஒருவர் தேடிப் பிடித்திருக்கிறார். தை மாதம் நேரில் போகும் எண்ணம். அதற்கு முன் தமிழில் ஒரு கடிதம் போகவேண்டும்.

சுலபமான வேலை என்றுதான் நினைத்தோம். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டோம். யாரை விளித்து எழுதுவது?

‘அம்மா’ என்று தொடங்குங்கள் என்றோம். அவர் தலையை ஆட்டினார். “அவர் என் தாயா என்பது எனக்குத் தெரியாது. கோட்டில் வந்து நின்றவர் அவர். அவ்வளவுதான் தெரியும்.”

இந்தப் பதிலின் பாரம் புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து வியாபாரம் தெரிந்திருக்க வேண்டும். எண்பதுகளில் இலங்கையிலிருந்து பல ஆயிரம் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பதினோராயிரம் வரை என்று ஒரு கணக்கு உண்டு. குழந்தையைக் கொடுக்கத் தாயின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. சம்மதம் தரத் தாய் இல்லாத இடத்தில், அல்லது தாய்க்கே விடயம் தெரியாத இடத்தில், தரகர்கள் வேறொரு பெண்ணுக்குக் கொஞ்சம் காசு கொடுத்துத் தாயாக நிற்க வைத்தார்கள். ‘நடிப்புத் தாய்மார்’ என்று இன்று அவர்களுக்குப் பெயர். ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்துவிட்டதென்று பெற்றவளிடம் பொய் சொன்னதாகவும் குற்றச்சாட்டுகள் உண்டு. 1987இல் குழந்தைப் பண்ணைகள் அகப்பட்டபோது அரசு சிறிது காலம் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தியது. 1992இல் சட்டத்தை இறுக்கியது. பிறகு நீண்ட மௌனம். 2017இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சியின் ‘செம்ப்லா’ நிகழ்ச்சி விடயத்தை வெளியே இழுத்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன நடந்ததை ஒப்புக்கொண்டு, மரபணு வங்கி அமைப்பதாகச் சொன்னார். 2020இல் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் ஒல்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. 2024இல் அதைப் படிப்படியாக முற்றாக நிறுத்துவதென்று முடிவெடுத்தது.

அரசுகள் வருத்தம் தெரிவிப்பது நல்லதுதான். ஆனால் வருடக்கணக்காகத் தேடிக் கண்டுபிடித்து, கட்டி அழுது, படம் எடுத்து, வீடு திருத்தப் பணமும் அனுப்பிய பிறகு மரபணுப் பரிசோதனையில் ‘இவர் உன் தாயல்ல’ என்று பதில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அப்பதிலுக்கு எந்த அரசின் வருத்தம் ஈடு?

எங்கள் ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோது இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு சாரார்: “நல்லாய் வளர்த்துப் படிப்பித்து ஆளாக்கியிருக்கிறார்கள், இனி என்னத்துக்குத் தேடுவான்? வளர்த்தவைக்குச் செய்கிற நன்றிகேடு.” மறு சாரார்: “பெத்த வயிறு எப்படித் துடிக்கும்! போய்க் காலில் விழ வேணும்.” இரண்டும் எங்களுக்கு உவப்பாயில்லை. முதலாவது, பிள்ளையை ஒரு கடனாளியாகப் பார்க்கிறது. இரண்டாவது, பெற்றவளை ஒரு சினிமாத் தாயாகப் பார்க்கிறது. தேடுகிறவருக்கு வேண்டியது இரண்டுமல்ல. என்ன நடந்தது என்ற உண்மை வேண்டும்.

குபெர்டினோவில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ஒருவரைத் தவிர்க்க முடியாது. இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். எங்களில் பலருக்குச் சோறு போடும் கம்பனியைத் தொடங்கியவர். ஸ்டீவ் ஜொப்ஸ் தத்துப்பிள்ளை. 1955இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தகப்பன் அப்துல்பத்தா ஜந்தாலி, சிரியாவின் ஹொம்ஸ் நகரத்துக்காரர். தாய் ஜோன், விஸ்கொன்சின் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அந்த முஸ்லிம் இளைஞனை மணந்தால் நீ என் மகளில்லை என்று தாயின் தகப்பன் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் கேட்ட வசனம் மாதிரி இல்லையா? அவள் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து, மணமாகாத தாய்மாருக்கு உதவிய ஒரு டொக்டரின் ஆதரவில் பிள்ளையைப் பெற்று, கொடுத்துவிட்டாள். எடுக்கிறவர்கள் பட்டதாரிகளாய் இருக்கவேண்டும் என்பது அவள் நிபந்தனை. வாய்த்தவர்களோ பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு மெக்கானிக்கும், துருக்கியரிடமிருந்து தப்பி வந்த ஆர்மீனியர்களின் மகளும். அகதிகளின் மகள் ஒருத்திதான் அந்தப் பிள்ளையை எடுத்து வளர்த்தாள் என்பதை அந்தக் கம்பனியின் கதையைச் சொல்கிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. ஜோன் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்துக் கிழமைக்கணக்காய் இழுத்தாள். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்த பின்பே போட்டாள். சில மாதங்களில் அவளுடைய தகப்பன் இறந்தார். அந்த வருடமே அவளும் ஜந்தாலியும் கலியாணம் செய்தார்கள். 1957இல் ஒரு மகளும் பிறந்தாள். ஆனால் கொடுத்த பிள்ளை கொடுத்ததுதான்.

ஜொப்ஸ் வளர்ந்த பிறகு தேடினார். பிறப்புச் சான்றிதழில் இருந்த டொக்டரின் பெயரைப் பிடித்துப் போனார். பதிவுகள் தீயில் எரிந்துவிட்டன என்று டொக்டர் பொய் சொன்னார். பிறகு, தான் இறந்தபின் கொடுக்கும்படி உண்மையை ஒரு கடிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். (உயிரோடிருக்கும்போது ஒரு நியாயம், செத்தபிறகு ஒரு நியாயம்!) இருந்தும் 1986இல் வளர்த்த தாய் இறக்கும்வரை பெற்ற தாயோடு அவர் தொடர்பு கொள்ளவில்லை. பிறகு போய்ச் சந்தித்தார். தங்கை மோனா சிம்ப்சன் என்ற எழுத்தாளர் என்று அறிந்து, கடைசிவரை அவரோடு நெருக்கமாய் இருந்தார். தகப்பனை மட்டும் சந்திக்க மறுத்தார். மோனா தகப்பனைத் தேடிப் போனபோது, அவர் முன்பு சான் ஹோசேப் பக்கம் ஒரு உணவகம் நடத்தியதையும், ஸ்டீவ் ஜொப்ஸ்கூட அங்கே வந்து சாப்பிட்டதையும் பெருமையோடு சொன்னாராம். மகன் என்று தெரியாமல். ஜொப்ஸுக்கும் அந்த முதலாளியோடு கைகுலுக்கியது ஞாபகம் வந்தது. அப்போதும் போகவில்லை. 2011இல் இறக்கும்வரை போகவில்லை.

இதைக் கல்நெஞ்சம் என்பவர்கள் உண்டு. தன் முதல் மகளையே சில வருடம் தன் பிள்ளையல்ல என்று மறுத்த மனிதரிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம் என்றும் கேட்கலாம். அந்த மறுப்பை நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. அங்கே பாதிக்கப்பட்டது ஒரு குழந்தை. ஆனால் தகப்பன் விடயத்தில் எங்களுக்கு வேறொன்று தோன்றுகிறது. யார் பெற்றார், ஏன் கொடுத்தார் என்று அறிய ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு. அதை எந்த டொக்டரும் எந்த நீதிமன்றமும் மூடிவைக்கக் கூடாது. அறிந்த பிறகு உறவு கொண்டாடுவதா விடுவதா என்பது வேறு விடயம். அதை இரத்தம் கட்டளையிட முடியாது. பெற்றவளுக்கும் அப்படித்தான்: கேட்டால் உண்மை சொல்லக் கடமைப்பட்டவள், கட்டித்தழுவக் கடமைப்பட்டவளல்ல. கர்ணனிடம் குந்தி போன நேரத்தை நினைத்துப் பாருங்கள். போர் மூளப்போகிறது, மற்றப் பிள்ளைகளுக்கு உயிர்ப்பிச்சை வேண்டும், அப்போதுதான் தாய் என்று வந்து நிற்கிறாள். அவன் ராதையின் மகனாகவே இருந்துவிட்டான். அதில் எங்களுக்குக் குறை தெரியவில்லை.

குந்தியை மட்டும் நினைத்தால் கொடுத்தவளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். பெருமாள் திருமொழியில் குலசேகரர் தேவகியாகவே மாறிப் புலம்புகிறார். கண்ணனைப் பெற்றவள், தாலாட்டவில்லை, பால் கொடுத்து வளர்க்கவில்லை, அவன் தவழ்ந்ததையும் வெண்ணெய் அளைந்ததையும் காணவில்லை. அத்தனையும் யசோதைக்கு. பிள்ளை திரும்பி வந்தபோது ஆளாகி நிற்கிறான். இழந்த அந்தப் பருவத்தை யாரிடம் கேட்பாள்? தமிழில் யசோதைக்கு எத்தனையோ பாட்டுகள். தேவகிக்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம். கொடுத்தவளைப் பாடுவதில் எங்களுக்கு என்றும் ஒரு தயக்கம்.

எங்கள் பழைய வழக்கத்தில் பிள்ளை கொடுப்பது ஒளித்துச் செய்கிற காரியமாக இருக்கவில்லை. தேசவழமையை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுத்தில் தொகுத்துக் கொடுத்தார். முதலியார்கள் பன்னிரண்டு பேர் வாசித்து ஒப்பினார்கள். அதன்படி பிள்ளை எடுக்கிறவர்கள் உரித்துக்காரரின் சம்மதம் பெற்று, பலர் முன்னிலையில் மஞ்சள் நீர் குடிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு எடுத்தவர் முதுசத்தில் பங்குண்டு, பெற்றவர் முதுசத்தில் இல்லை. சொத்துக்காகச் செய்த ஏற்பாடுதான், அன்புக்காக அல்ல, மறைக்க வேண்டாம். ஆனாலும் யார் பிள்ளை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. ஒல்லாந்தர் எழுதிவைத்த அந்த வழமைக்கு 280 வருடம் கழித்து, அதே தீவிலிருந்து ஒல்லாந்துக்குப் போன பிள்ளைகளின் பத்திரங்களில் பொய்ப் பெயர்கள்.

இந்தக் குடாப் பகுதிக்கே இதில் ஒரு சரித்திரம் உண்டு. 1975 ஏப்ரலில் சைகோன் விழுமுன் வியட்நாமிலிருந்து 2,500க்கும் மேற்பட்ட குழந்தைகளை விமானங்களில் அள்ளி வந்தார்கள். பலர் சான் பிரான்சிஸ்கோ பிரசீடியோ முகாமில் இறக்கப்பட்டார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட அவர்களில் சிலர், வியட்நாமிய மொழி தெரிந்த தாதியரிடம், எனக்கு அம்மா இருக்கிறா என்று சொன்னார்கள். விடயம் சான் பிரான்சிஸ்கோ மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. பெரும்பாலான பிள்ளைகள் விடயத்தில் பயன் கிடைக்கவில்லை. மொழி தெரிந்த யாரும் அங்கே நில்லாதிருந்தால் அந்த ஒரு வசனமும் காற்றோடு போயிருக்கும்.

எங்களில் சிலரையும் தாய்மார் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். பதினைந்து, பதினாறு வயதில், முன்பின் தெரியாத ஏஜென்சிக்காரனின் கையில், வேறொருவன் பாஸ்போட்டில். இந்திய இராணுவக் காலத்திலும் அதற்குப் பிறகும் எத்தனை வீடுகளில் அது நடந்தது! நகை விற்று, காணி ஈடு வைத்து. அதைக் கைவிட்டதென்று யாரும் சொல்லவில்லை; காப்பாற்றியதென்றே சொன்னோம். தோட்டத்து லயத்தில் இருந்த ஒருத்தி, பிள்ளை எங்கேயாவது பால் குடித்து வளரட்டும் என்று கொடுத்தால் மட்டும் அதற்கு வேறு பெயர் வைக்கிறோம். எங்களுக்கு வாய்த்தது, எங்கள் தாய்மாரின் பெயர் எங்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளவத்தையில் தொலைபேசிக் கடையில் மணித்தியாலக்கணக்காய்க் காத்து நின்று அவர்கள் எங்கள் குரலைக் கேட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் நடித்தவர்?” என்று கேட்டார். பெருவிரல் அடையாளம் வைத்தவள் காசுக்காக வந்து நின்ற இன்னொரு ஏழையாய் இருந்தால் அவளுக்கு என்ன எழுதுவது? அவள் செய்தது குற்றம். அன்றைய கூலியில் எத்தனை நாள் சம்பளத்துக்கு அதைச் செய்தாள் என்பதும் உண்மை. ஆனால் ஒருவேளை குழந்தையை அன்று கையில் வைத்திருந்த கடைசித் தமிழ்ப் பெண் அவள்தான். தாயைக் கண்டவளும் அவளாய் இருக்கலாம். குற்றம் சாட்டினால் வாயை மூடிவிடுவாள். மன்னித்தேன் என்று எழுத, நடந்தது என்னவென்றே தெரியாதவருக்கு என்ன அதிகாரம்?

கடைசியில் கடிதத்தில் மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், எனக்கு உங்கள் மேல் கோபமில்லை, பொலிசுக்குப் போகமாட்டேன், பரிசோதனைக்குச் சம்மதித்தால் செய்வோம், இல்லாவிட்டாலும் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறேன் — இவ்வளவுதான். முதல் சொல் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. மூன்றாவது சனிக்கிழமை, சந்தையில் மரக்கறி விற்கிற கிழவியையும் தமிழில் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று எங்கள் வீட்டில் ஒருவர் சாதாரணமாய்ச் சொன்னார். “யாரையும்?” என்று கேட்டார் அந்தப் பெண். யாரையும் என்றோம். அவர் பேனையை வாங்கி, பிள்ளைகளின் பாலபாடத்தைப் பார்த்து, அந்த மூன்றெழுத்தைத் தானே எழுதினார். நடு எழுத்தின் புள்ளியை விட்டுவிட்டார். சொன்னோம், வைத்தார். செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டோம்.