அழுத்திப் பார்ப்பது யார் கை?

அனுப்பர்பாளையத்தில் எதற்கும் கைதான் தீர்ப்பு சொல்லும். பாத்திரப் பட்டறையில் குடத்தின் ஒடுக்கு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. சுற்றியிருக்கும் பனியன் கம்பெனிகளிலும் இதே கதைதான். வெளிநாட்டு பையர் ஒரு நிறத்துக்குச் சம்மதம் சொல்வதற்காக, சாயம் ஏற்றிய துண்டுத் துணி ஒன்று கூரியரில் கடல் தாண்டிப் போகும். 'லேப் டிப்' என்பார்கள். போட்டோ எடுத்து அனுப்பினால் நொடியில் முடிகிற வேலை. ஆனால் போன் திரையில் தெரியும் சிவப்பை நம்பி டன் கணக்கில் துணியைச் சாயத்தில் முக்க யாருக்கும் துணிச்சல் வராது.

அதே போனை முகத்துக்கு நேரே பிடித்து, "தொண்டை செவந்திருக்குதுங்களா டாக்டர்?" என்று வாயைத் திறந்து காட்ட மட்டும் தயக்கமில்லை.

தயங்காததற்கு நியாயம் உண்டு. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஆஸ்பத்திரி வரிசையில் கரையும் அரை நாள், அரை நாள் கூலி. சளி, அரிப்பு, தீர்ந்துபோன சர்க்கரை மாத்திரை ஆகியவற்றுக்கு போனே போதும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. தெருமுனை கிளினிக்கில் கைச்சாடையில் வயிற்றுவலியை விளக்குவதைவிட, தன் மொழி பேசும் டாக்டரை ஆயிரம் மைலுக்கு அப்பால் பிடிப்பது அவருக்கு எளிது.

அரசும் இதை ஒழுங்குபடுத்திவிட்டது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன. அடுத்த மாதம் 13-ஆம் தேதி, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் இ-சஞ்சீவனி ஓபிடி தொடங்கியது. அந்த நெறிகளைச் சட்டப் புத்தகமாக இல்லாமல் தத்துவ நூலாகப் படித்தால் சுவையாக இருக்கும். பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் போன்றவற்றுக்குக் குரலே போதும். சில மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத வீடியோவில் முகம் தெரியவேண்டும். இன்னும் சிலவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்த அதே டாக்டர், அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் மட்டுமே எழுதலாம். போதை தரும் மருந்துகள் அறவே கூடாது. டாக்டரின் கை பட்டதற்கு ஆயுள் ஆறு மாதம் என்று அரசு ஆணை கணக்குப் போட்டுத் தந்திருப்பது வேடிக்கைதான். ஆனாலும் குரல், முகம், நேர்ச் சந்திப்பு என்று நம்பிக்கைக்குப் படி கட்டியிருப்பதில் ஒரு விவேகம் இருக்கிறது.

சித்த மருத்துவர் இந்தப் படிகளை எப்படிப் பார்ப்பார்? அவருக்கு நோயறிய எட்டு வழிகள்: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். மொழி மட்டும் போனில் முழுசாகப் போய்ச் சேரும். நாவும் நிறமும் விழியும் அரைகுறை. லேப் டிப் அனுப்புகிற ஊருக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கடைசி இரண்டையும் லேப் பார்த்துக்கொள்ளும். அறவே போகாதவை நாடியும் பரிசமும்.

தொடாமல் குணம் வருமா என்பதைச் சமயம் வேறு உருவில் முன்பே கேட்டுவிட்டது. சைவத்தில் தீட்சை ஏழு வகை. அவற்றில் பரிசம் தொட்டுத் தருவது, நயனம் பார்வையால் தருவது, மானசம் நினைவால் தருவது. பறவை முட்டைமேல் அமர்ந்தும், மீன் பார்த்தும், ஆமை எங்கிருந்தோ நினைத்தும் குஞ்சு பொரிப்பதாக உவமை சொல்வார்கள். இணைய மருத்துவத்துக்கு வாதாடும் வக்கீலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் குறுக்கு விசாரணையில் ஒன்று வெளிவந்துவிடும்: சீடனின் பக்குவம் அறிந்த குருவுக்கே அந்த வித்தை பலிக்கும். போனில் வரும் டாக்டருக்கு எதிரிலிருப்பவரின் பெயரும் வயதும்தான் தெரியும்.

எதிர்சாட்சி திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிறது. பிரசவத்துக்குத் துணையிருக்க வந்த தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் நிறுத்திவிட்டது. இங்கே மகளுக்கு வலி கண்டது. சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார். அதனால் தாயுமானவர் ஆனார் என்கிறது தலபுராணம். எங்கும் நிறைந்தவருக்கு அக்கரையிலிருந்தே சுகப்பிரசவம் அருளுவது கடினமா? கை கால் எடுத்து, புடவை கட்டி, வந்தார். அதிலும் வைத்தியராக வரவில்லை, அம்மாவாக வந்தார்.

இந்த நுட்பம் வள்ளுவருக்கும் தெரியும். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து மூன்றோடு நிறுத்தாமல், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். போன் மருத்துவத்தில் டாக்டரின் கை விலகும்போது அந்த வேலை காணாமல் போவதில்லை, இந்த நான்காமவர் தலையில் விழுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் இதைப் புரிந்துகொண்டு அமைந்தவை. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கருவி வைத்துக் கண்ணைச் சோதிப்பார். தொலைவிலிருக்கும் டாக்டர் திரையில் பேசி முடிவு சொல்வார். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் ரத்த அழுத்தம் பார்க்க ஒருவர் வீடு தேடி வருகிறார்.

ஒடிசாவிலிருந்து வந்தவர் தங்கும் லைன் வீட்டின் ஒற்றை அறையில் அப்படி யாரும் இல்லை. அம்மா ஊரில். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு வயிற்றுவலி, போனில் டாக்டர், "வலது பக்கம் அடிவயிற்றை யாராவது அழுத்தி, சட்டென்று கையை எடுங்கள். எடுக்கும்போது வலி கூடுகிறதா?" என்று கேட்கிறார். குடல்வாலா, வாய்வா என்பது அந்தப் பதிலைக் கொஞ்சம் பொறுத்தது. அறையில் தூங்கிக்கொண்டிருந்த சிநேகிதர் எழுந்து, எந்த இடம், எவ்வளவு அழுத்தவேண்டும் என்று திரையைப் பார்த்துக் கேட்கிறார்.