பதினேழு அடிக்குள் ஒரு வீடு

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், கார்களின் பின்னால் சின்னச் சின்ன வீடுகள் ஓடத் தொடங்கிவிடும். பயண டிரெய்லர் என்று அழைக்கப்படும் இவற்றுக்குள் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். சிலவற்றில் கழிவறையும் உண்டு. இவற்றுக்கென்று தனி எஞ்சின் கிடையாது. அது குறை போலத் தோன்றினாலும் உண்மையில் பெரிய வசதி. மொண்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ‘கோயிங் டு த சன்’ மலைச்சாலையின் உயரமான பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை விடமாட்டார்கள். பெரிய மோட்டார் வீட்டில் வந்தவர் அங்கே வேறு வண்டி தேட வேண்டும். டிரெய்லரில் வந்தவரோ அதை முகாமில் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட சிறு டிரெய்லரை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்குள் சுகமாக இருக்க என்னென்ன செய்வது என்று பார்ப்போம். விற்பனையாளர்கள் டி.வி., வண்ண விளக்கு, வெளிப்புற ஸ்பீக்கர் என்று அடுக்குவார்கள். சிறிய இடத்தில் சுகத்தை அளக்கச் சரியான அளவுகோல் வேறு. ஒரு வேலையைச் செய்ய இன்னொன்றை எடுத்து ஒதுக்க வேண்டிய அவசியம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சுகம். தேர்விலும் சரி, உள்ளே பொருள் வாங்கும்போதும் சரி, இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் முடிவுகள் தெளிவாகும்.

காரிலிருந்து தொடங்குங்கள்

டிரெய்லரைப் பார்க்கப் போகுமுன் சொந்தக் காரின் கதவைத் திறந்து பாருங்கள். ஓட்டுநர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மிகக்கூடாது என்று எழுதியிருக்கும். கார் எவ்வளவு இழுக்கும் என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். நடைமுறையில் நம்மை முதலில் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சீட்டில் உள்ள எண்தான்.

காரணம் இது. டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. 10 முதல் 15 சதவீதம் வரை கார்க் கொக்கியின்மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் பக்கவாட்டில் அலையத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுத்துவிடும். ஒரு கணக்குப் போடுவோம். சாமான்களோடு 3,500 பவுண்டு எடையுள்ள டிரெய்லர். அதில் 12 சதவீதம், அதாவது 420 பவுண்டு, கொக்கியில். காரின் சுமை வரம்பு 1,100 பவுண்டு. நான்கு பேரின் எடை 600 பவுண்டு. மீதம் இருப்பது 80 பவுண்டு. இரண்டு பெட்டிகளும் ஒரு ஐஸ் பெட்டியும் ஏற்றினால் வரம்பு முடிந்துவிடும்.

டிரெய்லரின் சொந்த எடையிலும் ஒரு கண் வேண்டும். விளம்பரத்தாளில் இருப்பது வெற்று எடை. பேட்டரி, கேஸ், குளிர்சாதனம், வெளிக்கூரை போன்றவை பல நேரம் அந்த எண்ணுக்குள் வராது. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்கும் சற்று அதிகம்; 30 கேலன் நிரப்பினால் 250 பவுண்டு கூடிவிடும். ஆகவே சாமான்கள் ஏற்றிய நிலையில் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டிய டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படி கட்டாயம். அதற்குக் குறைந்தாலும் பிரேக் வைத்துக்கொள்வதே அறிவு.

நீர் புகாத கூடு

டிரெய்லர்களுக்கு மழைநீரைப் போன்ற எதிரி வேறில்லை. மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு அடித்துச் செய்யும் முறை மலிவானது. ஆனால் கூரை, மூலை, ஜன்னல் என்று இணைப்புகள் அதிகம். அங்கே பூசிய அடைப்புப் பசை வெயிலில் வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் மரத்தை அரிக்கும்.

கண்ணாடியிழை டிரெய்லர்கள் இதற்கு வேறொரு விடை கண்டன. 1968-ல் கனடாவின் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ உருவாக்கிய ‘போலர்’ 13 அடி நீளமுள்ளது. தேங்காய் மூடி இரண்டை வாயோடு வாய் பொருத்தியது போல, அச்சில் வார்த்த மேல்பாதியையும் கீழ்பாதியையும் நடுவில் சேர்த்துவிட்டார்கள். கூரையில் இணைப்பே இல்லை. மினசோட்டாவின் ‘ஸ்கேம்ப்’, டெக்சாஸின் ‘கசீட்டா’ ஆகியவை அதே வழியில் வந்தவை. பல பத்தாண்டுகள் ஓடிய பழைய வண்டிகள் இன்றும் நல்ல விலைக்குக் கைமாறுவதற்கு இந்தக் கட்டுமானமே காரணம். ரிவெட் அடித்த அலுமினிய உடலோடு ஒஹாயோவில் தயாராகும் ‘ஏர்ஸ்ட்ரீம்’ நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

பழையதை வாங்குவதானால் அழகைப் பார்ப்பதற்கு முன் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஜன்னலின் கீழும், கூரைத் திறப்பைச் சுற்றியும், கதவருகே தரையிலும் மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. மூடிக் கிடந்த வண்டியைத் திறந்ததும் புழுக்க வாடை அடித்தாலும் அதே எச்சரிக்கைதான். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கம் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத டிரெய்லரில் டயர் தேயாமலே கிழடு தட்டிவிடும். பட்டையின் பள்ளம் ஆழமாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

மேசையா, படுக்கையா?

நீளத்தைப் பற்றி ஒரு விளக்கம். 13 அடி என்பது கொக்கி முனையிலிருந்து பின்பக்கம் வரை உள்ள அளவு. ஸ்கேம்ப் வண்டியில் ஆள் புழங்கும் அறை 10 அடிதான். அதனால்தான் சிறு டிரெய்லர்களில் பகலில் மேசையாக இருப்பது இரவில் படுக்கையாக மாறுகிறது: மேசைப் பலகையை இறக்கி, இருக்கை மெத்தைகளை அதன்மேல் பரப்பி, விரிப்புப் போட வேண்டும். காலையில் எல்லாவற்றையும் திருப்பிச் செய்தால்தான் காப்பி குடிக்க இடம் கிடைக்கும். முதல் இரண்டு நாள் இது விளையாட்டாக இருக்கும். மழை பிடித்துக்கொண்ட நாளில், ஒருவர் காலை எட்டு மணி வரை தூங்க விரும்பி மற்றவர் ஐந்து மணிக்கே எழுந்தால், இதுவே சண்டையாகும்.

17 அடி கசீட்டாவின் ஒரு பிரபலமான அமைப்பில் பின்னால் பெரிய மேசைப் படுக்கை ஒன்றும், பக்கவாட்டில் இருவர் எதிரெதிரே உட்காரும் சின்ன மேசை ஒன்றும் உண்டு. தம்பதியராகப் போகும் பலர் பின்பக்கத்தை நிரந்தரப் படுக்கையாகவே விட்டுவிடுகிறார்கள். சாப்பாடும் எழுத்தும் சின்ன மேசையில். கூடுதலாக வரும் அந்தச் சில அடிகளின் முழுப் பயனும் இதுதான். இருவர் மட்டும் போவதென்றால் நிரந்தரப் படுக்கையும் நிரந்தர மேசையும் உள்ள வண்டியைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் படுக்கையை நிலையாக வைத்துக்கொண்டு, சாப்பாட்டை வெளிக்கூரையின் அடியில் மடக்கு நாற்காலிக்கு மாற்றுங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை. வண்டிக்குள் இருவரும் ஏறிக் கதவைச் சாத்தி, வெளியே மழை என்று வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருங்கள். ஒருவர் சமைப்பது போலவும் மற்றவர் உடை மாற்றுவது போலவும் நடமாடிப் பாருங்கள். நிமிர்ந்து நிற்க முடிகிறதா, படுத்தால் கால் நீட்ட முடிகிறதா, உள்பக்கம் படுத்தவர் நடு இரவில் மற்றவரைத் தாண்டாமல் இறங்க முடிகிறதா? விளம்பரப் படங்கள் எவையும் இதற்குப் பதில் சொல்லாது.

தூக்கமும் ஈரமும்

தொழிற்சாலை தரும் மெத்தைகள் உட்காருவதற்குச் செய்தவை. பல துண்டுகளாக இருப்பதால் படுத்தால் இடுப்புக்கடியில் பிளவு வரும். சுகத்துக்கான முதல் செலவு இங்கே இருக்கட்டும். அளவெடுத்து வெட்டிய ஒரே துண்டு ஃபோம் மெத்தை, அல்லது இருக்கும் மெத்தைகளின்மேல் விரிக்கும் இரண்டு மூன்று அங்குல மேல்மெத்தை போதும். டிரெய்லர் படுக்கைகளின் மூலைகள் பல நேரம் வளைந்திருக்கும். வீட்டுப் படுக்கையை விட நீளம் குறைந்திருக்கும். கடை அளவை நம்பாமல் காகிதத்தில் வடிவம் வெட்டி எடுத்துப் போங்கள்.

அடுத்தது ஈரம். பயணப் புதியவர்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காத சங்கடம் இது. தூங்கும் மனிதர்களின் மூச்சிலிருந்து ஓர் இரவில் டம்ளர் கணக்கில் நீராவி வருகிறது. புரொப்பேன் வாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. புகைபோக்கி உள்ள சூடேற்றியில் இந்த ஈரம் வெளியே போய்விடும். திறந்து எரியும் அடுப்பில் அறைக்குள்ளேயே தங்கும். குளிர்ந்த ஜன்னலிலும் சுவரிலும் அது துளியாகப் படிந்து, மெத்தையின் அடிப்பக்கத்தில் பூஞ்சையாக முளைக்கும்.

தீர்வு எளிது. கூரையில் 14 அங்குலத் திறப்பில் பொருத்தும் மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைக்க வேண்டும். குளிராக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அடைத்தால் விடியும்போது போர்வையும் நனைந்திருக்கும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக மரச் சட்டங்களோ வலை விரிப்போ வையுங்கள். அடுப்பைக் குளிர் காய்வதற்கு ஒருபோதும் எரிக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வாயுக் கசிவுக் கருவியும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பார்த்துவிட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சோம்பல் கூடாது.

மின்சாரம், தண்ணீர், சமையல்

எங்கே தங்கப் போகிறோம் என்பதே மின்சாரத் தேவையைத் தீர்மானிக்கும். தனியார் முகாம்களில் மின்கம்பத்தில் செருகிக்கொண்டால் குளிர்சாதனமும் ஓடும். யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களின் முகாம்களில் மின் இணைப்பே கிடையாது, பேட்டரிதான் எல்லாம். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் அதன் ஆயுள் கெடாமல் பயன்படுத்தலாம். அதே அளவு லித்தியத்தில் பெரும்பகுதியையும் எடுக்கலாம், எடையும் பாதிக்கு அருகில். குளிர் இரவில் சூடேற்றியின் விசிறி 4 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் ஓடினால் 20 ஆம்பியர்-மணி காலி. விளக்குகளை எல்.ஈ.டி.யாக மாற்றினால் அவற்றின் செலவு பொருட்டல்ல. ஆக, கணக்கைச் சூடேற்றியையும் குளிர்பெட்டியையும் வைத்துப் போட்டு, அதற்கேற்பக் கூரையில் சோலார் தகடு பொருத்துங்கள்.

தண்ணீரில் பலர் நல்ல தண்ணீர்த் தொட்டியின் அளவை மட்டும் பார்ப்பார்கள். நடைமுறையில் முதலில் நிரம்பி வழிவது பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி. தட்டைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்தாலே கூடுதலாக ஒரு நாள் தங்கலாம்.

கழிவறை இருந்தால் அறை குறுகும். இல்லாவிட்டால் இரவில் டார்ச்சுடன் நடக்க வேண்டும். இளைஞர்கள் அது இல்லாமலும் சமாளிப்பார்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் பிள்ளைகளுடன் தங்க வந்த அம்மா அப்பாவையும் அழைத்துப் போகிற குடும்பம் இதில் தயங்கவே வேண்டாம்: உள்ளே கழிவறை வேண்டும். கழற்றி எடுத்துப் போய்க் கொட்டும் பெட்டி வகைக் கழிவறை இடத்தையும் எடையையும் மிச்சப்படுத்தும்.

நம் சமையலுக்கும் ஒரு தனி யோசனை. கடுகு தாளித்த புகையும் இட்லி அவித்த ஆவியும் பத்தடி அறைக்குள் மூன்று நாளைக்குத் திரைச்சீலையில் தங்கும். தாளிப்பதையும் அவிப்பதையும் வெளியே ஒரு தனி கேஸ் அடுப்பில் வைத்துக்கொண்டால் உள்ளே படுக்கை வாடையின்றி இருக்கும். கரடிகள் நடமாடும் காட்டில் மட்டும் சமைத்ததையும் மிச்சத்தையும் வெளியே விடாமல் உடனே பூட்டி வைக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் எதுவும் வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் போதும். கனமானவை சக்கர அச்சுக்கு அருகே தாழ்வாக, லேசானவை மேல் அலமாரியில் இருக்கட்டும். கெட்டிப் பெட்டிகளை விடத் துணிப்பைகள் எந்த மூலையிலும் மடங்கி உட்காரும்.

எதற்கு முதலில் செலவழிப்பது

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி வாங்கவே கொட்டிவிடாதீர்கள். முதலில் டயரும் பிரேக்கும், அடுத்து நீர்க்கசிவு, பிறகு மெத்தை, அதன்பின் கூரை விசிறி, கடைசியாக பேட்டரியும் சோலாரும் என்று வரிசைப்படுத்துங்கள். திரைச்சீலையும் அலங்காரமும் அதற்கப்புறம். முதல் பருவத்தில் அலமாரிகளைப் பாதி காலியாகவே வைத்துக் கிளம்புங்கள். எது இல்லாமல் கஷ்டப்பட்டீர்களோ அதை வாங்குங்கள். பல பயணங்களுக்குப் பிறகும் கை படாமல் கிடப்பதை இறக்கிவிடுங்கள். இறக்கிய ஒவ்வொரு பவுண்டும் காருக்கு எளிது, பிரேக்குக்கு எளிது. காலையில் அதைத் தாண்டி காப்பிப் பாத்திரத்தை எடுக்க வேண்டிய உங்கள் கைக்கும் எளிது.