வாதாபி வென்றவரும் வாசலில் நிற்பவரும்



நவம்பர் 30 இந்நாட்டின் நினைவு நாள். ஐக்கிய அமீரகம் உருவாவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, 1971-இல், பெரிய தும்பு தீவில் உயிர் நீத்த காவலர் சாலிம் சுஹைல் பின் கமீஸ் அவர்கள் மறைந்த நாள் அது. 2015 முதல் அன்று கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி மௌனம் காக்கிறார்கள். அல் ஐனில் வாழும் நாமும் உடன் நிற்கிறோம். அதை ஒட்டித்தான் நம் தொண்டர்கள், இங்குள்ள தமிழ் முன்னாள் படைவீரர்களை அழைத்துச் சிறப்பித்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் நடந்த விதத்தைப் பற்றி நமக்குள் சற்றுப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிறுத்தொண்ட நாயனார் வரலாறு என்றால் பிள்ளைக்கறி நிகழ்ச்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. சேக்கிழார் பெருமான் அதற்கு முன்னால் ஒரு செய்தி சொல்கிறார். திருச்செங்காட்டங்குடியில் பிறந்த பரஞ்சோதியார் பல்லவப் படைக்குத் தலைமை தாங்கி வாதாபியை அழித்தவர். முதலாம் நரசிம்மவர்மனின் 642-ஆம் ஆண்டு வெற்றியே அது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. யானையும் குதிரையும் பொன்னும் மணியும் கொண்டுவந்து குவித்தவரை மன்னன் புகழ்ந்தான். அப்போதுதான் அமைச்சர்கள், "இவர் சிவத்தொண்டர்" என்று எடுத்துச் சொன்னார்கள். மன்னன் பதறிப்போனான். இன்னார் என்று அறியாமல் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே, பொறுத்தருள வேண்டும் என்று வேண்டினான். பிறகுதான் நிதி கொடுத்து, வணங்கி, அவர் விரும்பிய தொண்டுக்கு விடை கொடுத்தான். ஊர் திரும்பிய படைத்தலைவர் அடியார்களுக்கு அமுது படைத்துவிட்டே தாம் உண்டார்.

மன்னனுக்கு வந்த அந்தப் பதற்றம் நமக்கு வரவில்லை. வரிசையாக நிற்க வைத்தோம், பொன்னாடை போர்த்தினோம், புகைப்படம் எடுத்தோம். எந்தப் படைப்பிரிவு, எந்த எல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் சாப்பிடாமலே கிளம்பினார். இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டதாம். எங்கே பணி என்று கேட்டபோதுதான் தெரிந்தது. நம்மில் நால்வர் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளி அவர். தினமும் காரிலிருந்து கையசைத்துவிட்டுப் போகிறவர்கள் நாம்!

சாதாரணச் சிப்பாய் 15, 17 ஆண்டுகள் சேவை செய்து, நாற்பது வயதுக்குள்ளேயே ஓய்வு பெற்றுவிடுகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். ஓய்வூதியம் போதாமல் இரண்டாவது வேலை தேடி இங்கே வருகிறார்கள். சீருடை மாறுகிறது, நிற்கும் வேலை மாறுவதில்லை.

மறுநாள் மாலை எங்களில் மூவர் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். இருந்தவை இரண்டே கோப்பைகள். முதலில் எங்களைக் குடிக்கச் சொல்லிவிட்டு, பிறகே தமக்கு ஊற்றிக்கொண்டார். குன்னூர் அருகே வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் சேர்ந்த கதையைச் சொன்னார். குளிர் தாங்காமல் முதல் வாரமே ஓடிவிட நினைத்தாராம்!

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டதற்குத் தயங்கியே ஒன்று சொன்னார். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். கைபேசியில் முகத்தைக் காட்டியே அதை முடிக்கும் வசதி 2021 நவம்பரில் வந்துவிட்டது. இந்தியத் தூதரகம் மூலமும் சான்று பெறலாம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு ஸ்பர்ஷ் தளத்தில் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்ட நேரம் ஏது? நம் பிள்ளைகளுக்கோ அது பத்து நிமிட வேலை.

இனி நவம்பர் மாதம் முழுவதும் சனிக்கிழமை மாலைகளில் இரண்டு தொண்டர்கள் கைபேசியோடு அவர்கள் இருக்கும் இடத்துக்கே போவார்கள். மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற தகப்பனார்கள் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு, முதலில் அவர்களுடைய பணி நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதன்பிறகே மண்டபம் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.