பலர் அள்ளும் கிணறு

ஆனி மாதம். சோளகம் விடாமல் வீசுகிறது. அடுப்பில் தீ ஒரு பக்கமாகவே சாய்ந்து எரிகிறது.

மேசையில் ஒரு சின்னப் பேணி. லொங்ஜிங். சீனாவில் ஹாங்சோ நகரை ஒட்டிய மலைச்சரிவுகளில் விளையும் பச்சைத் தேயிலை. கனடாவிலிருந்து வந்த பயணப்பையில், சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் கிடந்தது. சவர்க்கார வாசம் ஏறவில்லை. நல்ல காலம்.

இலை தட்டை. இரு நுனியும் கூர். உள்ளங்கையில் வைத்தால், வைத்ததே தெரியவில்லை.

மணம். பணியாரத்துக்குப் பயறு வறுக்கும்போது, நிறம் மாறச் சற்று முன், சட்டியிலிருந்து எழுகிற மணம்.

இதுவும் சட்டியில் வறுபட்டதுதான். சூடான இரும்புச் சட்டியில், வெறுங்கையால், அழுத்தி அழுத்தி. அந்தச் சூட்டில் இலை கறுக்கிற வேலை நின்றுவிடுகிறது. பச்சை பச்சையாகவே தங்குகிறது.

மலையகத்தில் அதே இனச் செடி வேறு வழியில் போகிறது. வாடி, உருண்டு, காற்றில் கறுத்து.

ஏப்ரல் 5 அளவில் சீனருக்கு ஒரு நாள் வருகிறது. சிங்மிங். அதற்கு முன் கிள்ளிய கொழுந்துக்கு விலை அதிகம்.

முன்னோரின் கல்லறைகளைக் கூட்டித் துப்புரவாக்கும் நாள் அது.

*

கேத்திலின் உள்ளே வெள்ளையாகக் கல் பிடித்திருக்கிறது. சுரண்டினால் தகடாகக் கழன்று வருகிறது.

குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் கிணற்றுத் தண்ணீரும் மென்மை. இப்போது உடையார்கட்டுக் குளம் இறங்கியிருக்கிறது. கிணறும் கூடவே.

எட்டாம் நூற்றாண்டுச் சீனாவில் லூ யூ தேநீருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் தண்ணீருக்கும் வரிசை உண்டு. மலைத் தண்ணீர் முதல். ஆறு அடுத்தது. கிணறு கடைசி.

இங்கே மலை இல்லை.

கிணறுதான் என்றால், பலர் அள்ளும் கிணற்றில் எடுக்கச் சொல்கிறார்.

பேனா நிற்கிறது.

2009 தை மாதம், போருக்கு நடுவே, பாதுகாப்பு வலயம் என்று கோடு போட்ட நிலத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் இருந்தன.

பலர் அள்ளிய கிணறுகள்.

பரந்தன் வீதியில் ஒரு பஸ் போகிறது. சத்தம் முல்லைத்தீவுப் பக்கம் தேய்ந்து போகும்வரை கேட்கிறது.

*

தண்ணீர் சூடேறுகிறது. லூ யூ முதலில் மீன்கண்களைப் பார்க்கிறார். பிறகு விளிம்பில் முத்துச்சரம். பிறகு அலை. அலைக்கு மேல் போனால் தண்ணீர் கிழடு தட்டிவிடும் என்கிறார். முதற்கொதியில் உப்பும் போடுகிறார்.

இந்த இலைக்கு 80 பாகை போதும். அளக்கக் கருவி இல்லை. கொதித்ததை இறக்கி, பேணியிலிருந்து பேணிக்கு இரண்டு ஆற்று. விரல் பொறுக்கிற சூடு வருமுன் ஊற்றுகிறேன். முழுக் கொதியை இலைமேல் ஊற்றினால் கசப்பு முந்திக்கொண்டு இறங்கிவிடும்.

கண்ணாடிக் கிளாஸ். இலைகள் மேலே மிதக்கின்றன. ஒன்று நிமிர்கிறது. ஒன்று இறங்குகிறது. எதற்கும் அவசரமில்லை.

நிறம், வந்தும் வராததுமாக. இங்கே தேத்தண்ணி என்றால் சாயம் இறங்கவேண்டும். இதை விருந்தினருக்குக் கொடுத்தால், வீட்டில் தேயிலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஒன்றும் கேளாமல் குடிப்பார்கள்.

முதல் மிடறு. பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டாவது. நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு. விழுங்கியபின் தொண்டையில் ஏதோ ஒன்று. இனிப்பு என்று சொல்ல முடியாது. வேறு சொல்லும் வரவில்லை.

மேற்பரப்பில் மெல்லிய ஆடை. தண்ணீரின் சுண்ணாம்பும் இலையின் துவர்ப்பும் சேர்ந்து படர்ந்தது.

கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் இன்னொரு கிளாஸ். ஆடை இல்லை. மணம் உயர எழுகிறது. இதுதான் நல்ல தேநீர், சந்தேகமில்லை.

கை கிணற்றுக் கிளாஸுக்கே போகிறது.

*

கடிக்க என்ன.

பனங்கட்டி. வெறுந்தேத்தண்ணிக்கு அதுதான் துணை. சீனி அருமையாயிருந்த வருடங்களில் ஒரு சின்னத் துண்டை வாயில் ஒதுக்கிவைத்து, ஒரு பேணி முழுவதையும் குடித்த வாய் இது. லொங்ஜிங் அதன் முன் நிற்கவில்லை. பனங்கட்டியின் கருகல் மணம் மட்டும் எஞ்சுகிறது.

பாலைப்பழம். காட்டிலிருந்து வந்து வீதியோரத்தில் விற்கிற பருவம். இனிப்பு, பிறகு உதடு ஒட்டுகிற பால். ஒட்டிய உதட்டில் சூடான தேநீர் படுகிறது. துவர்ப்பு பாலைக் கழுவுகிறது. கெட்டிக்காரப் பொருத்தம். இனிப்பும் பனங்கட்டியைப்போல் மேலே ஏறி உட்காரவில்லை.

பிட்டு. வெறும் அரிசிமாப் பிட்டு, தேங்காய்ப்பூ, வேறொன்றுமில்லை. நன்று. சம்பல் சேர்ந்தால் முடிந்தது.

தேசிக்காய் பிழிந்து குடித்தால் உடம்பு இளைக்குமாம். இளைக்கட்டும். இந்த இலையில் பிழிய மனம் வரவில்லை.

*

மோட்டார் சைக்கிள், பின்னால் பெட்டி. நந்திக்கடல் இறால்.

பெயர் காதில் விழுந்ததும் அந்த 2009. கொஞ்ச நேரம் வேறெதுவும் இல்லை.

பிறகு விலை. பிறகு நிறுவை.

ஹாங்சோவில் ஆற்று இறாலை இதே இலை போட்டு வதக்குகிறார்கள். வெள்ளையாக, மிளகாய் இல்லாமல். பெயர்பெற்ற உணவு.

இங்கே பாதி இறால் உப்பில் மட்டும் அவிகிறது. மறுபாதி வழமைபோல். கறித்தூள், தேங்காய்ப்பால், இறக்கும்போது முருங்கையிலை.

அவித்த இறால். ஓடு கழற்றும்போது விரலில் சூடு. சதையில் கடலின் உப்பு, நடுவில் இனிப்பு. ஒரு மிடறு தேநீர். இறாலின் இனிப்பு நீள்கிறது. காலையில் தொண்டையில் பெயரில்லாமல் இருந்தது இதன் பக்கத்தில் வந்து உட்காருகிறது. லூ யூவின் உப்பு இப்போது விசித்திரமாகப் படவில்லை.

கறி. ஒரு கவளம், ஒரு மிடறு. தேநீர் வெறும் சுடுதண்ணீர். கறியில் ஒரு குறையும் இல்லை. இன்னொரு கவளம் போகிறது. கிளாஸ் தள்ளியே நிற்கிறது.

*

மூன்றாம் ஊற்று. வாசம் மெலிந்துவிட்டது. வறுத்த கச்சான் ஒரு சுருள். கச்சானின் வறுவலும் இலையின் வறுவலும் எங்கே பிரிகின்றன என்று தேடுகிறேன். தேடலும் நின்றுபோகிறது.

அடியில் இலைகள் முழுதாக விரிந்து கிடக்கின்றன. ஒரு கொழுந்து, ஒன்றிரண்டு இலை. கிள்ளியபடியே.

எறிவதற்குள் குசினியிலிருந்து ஒரு குரல். வல்லாரை மாதிரி வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சம்பல் செய்தால் என்ன?

பர்மாவில் புளிக்கவைத்த தேயிலையைச் சாப்பிடுகிறார்கள். செய்யலாம். பச்சைமிளகாய் ஒன்று போதும்.